நிற்கத் தெரியாத லிஃப்ட் மெக்கானிக்

என் கடையின் கண்ணாடி அலமாரியை நான் திறப்பதற்குள் அந்த மெக்கானிக் மூன்று தடவை வாசலுக்குப் போய் வந்துவிடுவார். வழிகாட்டும் ஜி.பி.எஸ் கருவிகள் மூன்றையும் வெளியே எடுத்து வைத்தால், ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவார். அது வானத்தைப் பார்த்துத் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் உள்ளே வந்து அடுத்ததை எடுப்பார். "இது ரொம்ப ஸ்லோண்ணே!" நிற்காத மனிதனின் இடத்தை எந்தச் செயற்கைக்கோள்தான் சட்டென்று சொல்லும்?

ஒன்பது நாளாக இதே கூத்து. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். வயது ஐம்பத்தைந்து. நகக்கண்ணில் கிரீஸ், சட்டைப்பையில் டெஸ்டர். எந்தப் பொத்தானைக் கண்டாலும் இரண்டு தடவை அழுத்தாமல் விடமாட்டார். என் மேஜைமணி அதனாலேயே ஊமையாகிவிட்டது. தேநீரை நின்றபடி குடிப்பார், அதிலும் பாதியை வைத்துவிட்டுப் போவார். எங்காவது லிஃப்ட் நின்றுவிட்டால் அவருடைய போன் காக்கை மாதிரி கத்தும். அப்புறம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பறந்துவிடுவார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நடைபாதையில் சாக்கை விரித்துத் திசைகாட்டி விற்றவன், இன்று மூன்று மாடிக் கடை வைத்திருக்கிறேன். வாங்குகிறவனா, வேடிக்கை பார்க்கிறவனா என்று வருபவனின் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த மனிதர் விஷயத்தில் மட்டும் என் கண் தோற்றது.

மஞ்சள் கருவி மழைக்கு அஞ்சாது, பெட்டிக்கடையில் விற்கும் பேட்டரி செல்லிலேயே ஓடும். "மலைக்கு இதுதாண்ணே ராஜா. ஆனா வண்டியில வெச்சா எழுத்து எறும்பு மாதிரி தெரியுது." அகலத்திரைக் கருவி பேசியே வழி சொல்லும். "பேசுது, சரி. அஞ்சு மணி நேரத்துல சார்ஜ் போய்ப் பாதி மலையில படுத்துக்குமே?" குட்டிக் கருவி பெட்டி தேடி விளையாடுகிறவர்களுக்கென்றே செய்தது; துப்பெல்லாம் காட்டும், சாலை காட்டாது. "ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வாங்கினா நான் கடைதாண்ணே வைக்கணும்."

"மூணையும் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போய்யா. மாலை போட்ட மாதிரி இருக்கும்" என்றேன்.

மாலை என்றதும் முகம் சுருங்கியது. அலமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

பெட்டி தேடுவது ஒரு விளையாட்டு. ஒருவர் மலையிலோ காட்டிலோ சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை எண்களாகக் கொடுப்பார். தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு வரவேண்டும். இவரும் இவருடைய ஒரே மகளும் ஞாயிறு தவறாமல் பன்னிரண்டு வருடம் ஆடியிருக்கிறார்கள்.

"அவ கல்யாணம் நடந்துக்கிட்டிருக்கு. மண்டபத்து லிஃப்ட் நின்னுடுச்சுன்னு ஒருத்தன் வந்து சொன்னான். பத்தே நிமிஷம்னு எழுந்து போனேண்ணே. திரும்பி வந்தப்போ போட்டோக்காரன் பையைக் கட்டிக்கிட்டிருந்தான்."

கல்லாவிலிருந்து என் மனைவி கேட்டாள்: "உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா தம்பி?"

"யாருமில்லக்கா. காலி லிஃப்ட்."

மகள் பேசி எட்டு மாதம் ஆகிறது. பத்து நாளுக்கு முன்னால் அவருடைய போனுக்கு மகளிடமிருந்து ஒரு வரி எண்கள் வந்தன. கீழே, 'ஞாயிறு வரைக்கும்தான் இருக்கும்.' அவ்வளவுதான். இவர் இரண்டு தடவை போயிருக்கிறார். போன் ஒரு கல்குவாரியில் கொண்டுபோய் விட்டது. அங்கே கிடந்த கல்லையெல்லாம் புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். போன்தான் கோட்டை விட்டது, நல்ல கருவி இருந்தால் கிடைத்துவிடும் என்பது அவர் கட்சி. அன்றைக்குச் சனிக்கிழமை.

"அந்த நம்பரை இப்படிக் குடுங்க, நான் போட்டுப் பாக்குறேன்" என்றாள் மனைவி. பள்ளி இறுதிவரை படித்தவள். போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். "நீங்க எப்படிப் போட்டீங்க?"

"டிகிரி போட்டு, ஒரு புள்ளி வெச்சு, மிச்சத்தை அப்படியே போட்டேன்."

"மிச்சம் நிமிஷமாச்சே தம்பி! கடிகாரம் மாதிரி இதுக்கும் அறுபதுதான் கணக்கு. முப்பது நிமிஷம்னா அரை டிகிரி. நீங்க புள்ளி முப்பதுன்னு போட்டுட்டீங்க. இருபது கிலோமீட்டர் தள்ளி நின்னு கல்லைப் புரட்டியிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பன்னெண்டு வருஷம் ஆடினியே, இதுகூடத் தெரியாதாய்யா?"

"நம்பரெல்லாம் அவதாண்ணே போடுவா. நான் ஏறுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி மஞ்சள் கருவியை எடுத்து எண்களைச் சரியாகப் போட்டுக் கொடுத்தாள். அவளைக் கல்லாவில் உட்கார வைத்தவன் நான். ஆகவே இந்தப் பெருமையில் பாதி எனக்கும் சேரும்.

"இதையே எடுத்துக்கறேன்" என்றார்.

"எழுத்து எறும்புன்னியே, வண்டிக்கு என்ன பண்ணுவே?"

"வழி கேட்டுக்கிட்டே போயிடுறேன்."

"வெளிய வானம் தெரியுற இடத்துல ரெண்டு நிமிஷம் அசையாம நில்லு. நீ எங்க நிக்கிறேன்னு அதுக்குத் தெரிஞ்சாத்தான் போற இடத்தைக் காட்டும்."

நடைபாதையில் போய் நின்றார். ததும்பும் தம்ளரைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளாலும் கருவியை ஏந்திக்கொண்டார். போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். சட்டைப்பையில் காக்கை கத்தியது. அன்றைக்கு வேலைமுறை இன்னொரு மெக்கானிக்குடையது என்று அவரே சொல்லியிருந்தார். ஆனாலும் ஓடிவருகிற ஆள் இவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கத்தி ஓய்ந்தது. மறுபடி கத்தியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய இடது கால் மட்டும் தரையைவிட்டு எழுந்தது. பிறகு, எழுந்த இடத்திலேயே இறங்கியது.