மீட்டர் பெட்டி மேல் சாவி

எங்கள் வீடு கரமனை அக்ரஹாரத்தில். பிராட்பேண்ட் வந்த புதிதில் கேம் கன்சோல் வாங்கி, மைக் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டுவேன். எல்லாரும் இங்கிலீஷில்தான் கத்துவார்கள். அதனால் வீட்டில் பேசும்போது மைக்கை அணைக்கவே மாட்டேன். நம் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற திமிர்.

ஒரு ஞாயிறு மத்தியானம், ரேஸ் நடுவில் மனைவி கேட்டாள்: "ஏன்னா, நாளைக்குப் பொன்முடி போறச்சே சாவிய எங்க வைக்கறது? பாத்திரம் தேய்க்கறவ வருவாளே."

"எப்பவும் போல மீட்டர் பெட்டி மேல வெச்சுடு" என்றேன்.

ஹெட்செட்டின் கூச்சலுக்கு நடுவே ஒரு குரல், மெதுவாக, எங்கள் தெருப் பேச்சிலேயே சொன்னது: "அங்க வேண்டாம் அண்ணா. மன்னிகிட்ட சொல்லி வேற எங்கயாவது வைக்கச் சொல்லுங்கோ."

யாரென்று கேட்பதற்குள் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டான். திரையில் அவன் பெயருக்குப் பதில் வெறும் எண்கள்தான் இருந்தன.

சாவியின் இடத்தை அன்றே மாற்றினோம். இப்போது வீட்டில் வாய் திறக்குமுன் மைக் ஒயரைப் பிடுங்கிவிடுகிறேன். ஆனாலும் தெருவில் யாராவது பின்னாலிருந்து "அண்ணா" என்று கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. அந்தக் குரல்தானா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.