சிக்னல் போடத்தான் செய்தேன்

கணக்கு டீச்சர் மாறுதலாகிப் போன ஜூன் மாதத்தில் என் காரின் சிக்னல் விளக்குகள் தகராறு செய்யத் தொடங்கின. அப்போதுதான் தொடங்கியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவகாசியைத் தாண்டி ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. வீடு விருதுநகரில், சூலக்கரைக்குப் போகிற வழியில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே வயது போய்விட்டது. கணக்கு டீச்சருக்கும் அதே பள்ளிதான், வீடு எனக்கு நாலு தெரு தள்ளி. ஒன்பது வருஷம் என் காரில் சேர்ந்து போய் வந்தோம். காலையில் ஏழே முக்காலுக்கு டிபன் கூடையோடு தெருமுனையில் நிற்பார். ஆமத்தூர் வரைக்கும் வீட்டுக் கதை, திருத்தங்கல் வரைக்கும் பள்ளிக்கூடக் கதை. ரயில்வே கேட் மூடியிருந்தால் அவருடைய மருமகள் கதைக்கும் நேரம் கிடைக்கும்.

மகன் இருக்கிற கோயம்புத்தூர்ப் பக்கம் மாறுதல் கலந்தாய்வில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் விண்ணப்பித்ததை என்னிடம் சொல்லவில்லை. தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவர் அதை மட்டும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் இன்னொரு டீச்சர், "என்ன, ஒங்க ஜோடி போறாகளாமே?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கார் ஆமத்தூரைத் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவர்தான் கேட்டார்.

"கோவமா இருக்கீகளா டீச்சர்?"

"இல்லையே."

வழியனுப்பு விழாவில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு மூன்று முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. வேலையாக இருந்தேன் என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன்.

சிக்னல் கதை இதுதான்: ஸ்டியரிங்கை ஒட்டிய சிக்னல் கம்பியைத் தள்ளினால் சில நேரம் டிக் டிக் என்று சத்தம் வரும், பச்சை அம்பு மின்னும். சில நேரம் ஒன்றுமே இருக்காது. இடது, வலது இரண்டுமே அப்படித்தான். ஹாரன் அடிக்கும், முகப்பு விளக்கு எரியும், சிக்னல் மட்டும் மக்கர். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் திடீரென்று வரும், அடுத்த திருப்பத்தில் போய்விடும். நான் சன்னலை இறக்கிக் கையை நீட்டித் திரும்பப் பழகிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒருநாள் கையை நீட்டாமல், சிக்னலை மட்டும் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிற மண்பாதைக்கு வலதுபக்கம் திரும்பினேன். பின்னால் பட்டாசு கம்பெனி வேன் ஒன்று முந்த வந்திருக்கிறது. பிரேக் சத்தம் கேட்டு நான் நிறுத்துவதற்குள் அது சாய்ந்து, என் முன் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. உள்ளே வேலைக்குப் போகிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தி மடியிலிருந்த தூக்குவாளி உருண்டு, குழம்பு படியில் வழிந்தது.

டிரைவர் இறங்கி வந்தார். "ஏக்கா, சிக்னல் போட மாட்டீகளா? இத்தனை பேரு உசுரு!"

"போட்டேன்" என்றேன்.

"எங்க எரிஞ்சுச்சு?"

வேன் சன்னல்களில் அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. யாரும் திட்டவில்லை. குழம்பைக் கொட்டிவிட்டவள் வாளியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று பாடம். சுற்று எங்காவது விட்டுப்போனால் விளக்கு எரியாது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன்.

மறுநாளே சாத்தூர் ரோட்டில் இருக்கிற ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். நாற்பது வயது இருக்கும், அளந்து பேசுகிறவர். இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து, குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தார். சிக்னல் அழகாக எரிந்தது. விளக்கை மினுக்க வைக்கிற பிளாஷரை மாற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார், எல்லாம் சரி. வீட்டுக்குத் திரும்பும் வழியில் போய்விட்டது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். மறுபடி எரிந்தது. ஸ்டியரிங் கீழே இருக்கிற ஸ்விட்சையே மாற்றினார். மறுபடி ஒரு சுற்று, மறுபடி சரி. மூன்றாம் நாள் போய்விட்டது.

"என் முன்னாடி ஒருதடவ கூட நிக்கலையே டீச்சர்" என்றார் போனில். அவர் என்னை நம்பவில்லையோ என்று தோன்றியது. எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. தனியாக இருக்கிறவளுக்கு ஒரு விஷயம் உண்மையா என்று கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. "இப்போ எரிஞ்சுச்சா, பாத்தீகளா?" என்று யாரைக் கேட்பது?

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். எங்கே நின்றது, வெயிலா, ஏசி ஓடியதா, ரோடு எப்படி, எல்லாம் எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. அந்த நோட்டோடு சனிக்கிழமை எலக்ட்ரீசியனிடம் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்தப் புதன்கிழமை மட்டும் போக வர நல்லா எரிஞ்சிருக்கே. அன்னைக்கு என்ன விசேஷம்?"

யோசித்தேன். "ஒண்ணுமில்லையே. சத்துணவு அம்மாவுக்கு வீடு ஆமத்தூர். அன்னிக்கு பஸ் வரலைன்னு கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போனேன்."

"எங்கன உக்காந்தாக?"

"முன்னாடிதான்."

அவர் எழுந்துவிட்டார். "நீங்க தனியா ஓட்டுங்க. நான் பைக்குல பின்னாடியே வாரேன்."

இரண்டாவது திருப்பத்திலேயே சிக்னல் நின்றது. பின்னாலிருந்து ஹாரன் அடித்து ஓரங்கட்டச் சொன்னார். பைக்கை நிறுத்திவிட்டு வந்து இடது இருக்கையில் ஏறிக் காலை ஊன்றினார். டிக் டிக் என்று ஆரம்பித்தது. காலைத் தூக்கினார், நின்றது. ஊன்றினார், வந்தது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"ஆள் ஏறுனா எரியுது டீச்சர். நான் ஏறி ஏறியில்ல பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்!"

கடைக்குத் திரும்பி அந்த இருக்கைக்கு முன்னால் கிடந்த ரப்பர் மிதியடியை எடுத்து, கீழே ஒட்டியிருந்த கார்பெட்டையும் உரித்தார். தொப்பலாக நனைந்திருந்தது. ஏசித் தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்து, உள்ளேயே சொட்டியிருக்கிறது. ஓரத்தில் பிளாஷரின் எர்த் வயரைக் கார் பாடியோடு சேர்க்கிற போல்ட் துருப்பிடித்துப் பொரிந்து கிடந்தது. கார்பெட்டை மிதித்தால் வயர் அழுந்தி ஒட்டும், விட்டால் விலகும். உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"இது இந்த வருசத்துத் துரு இல்ல. ரெண்டு வருசமாவது இருக்கும். முன்னாடி இந்தப் பக்கம் யாரும் தெனமும் வருவாகளா?"

"வந்தாக" என்றேன்.

அவர் வயரை அறுத்துப் புது முனை போட்டார். நான் கடை வாசலில் நின்று எடுத்துப் போட்ட மிதியடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது குதிகால் படுகிற இடத்தில் ரப்பர் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. எதிரே லாரி வந்தால் கணக்கு டீச்சர் அவர் பக்கத்தில் இல்லாத பிரேக்கை அழுத்துவார். நான் கேலி செய்வேன். ஒன்பது வருஷத்தில் அந்தக் காலைத் தளர்த்தி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடையிலிருந்தே போன் செய்தேன். நாலாவது மணியில் எடுத்தார். பின்னணியில் பஸ் சத்தம்.

"டீச்சர்! நீங்களா?"

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் சிக்னலைப் பற்றியே சொன்னேன். துரு, கார்பெட், அவருடைய கால், எல்லாம். அவர் கடகடவென்று சிரித்தார்.

"ஒங்க டிரைவிங்குக்குப் பயந்துதான் காலை ஊனிக்கிட்டு இருந்தேன். லாரியக் கண்டா எம்புட்டு வெரட்டு வெரட்டுவீக!"

நானும் சிரித்தேன். பிறகு கேட்டேவிட்டேன். "மாறுதலுக்குக் குடுத்ததை ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க போகாதீகன்னு சொல்ல மாட்டீக. பேசாம வண்டி ஓட்டுவீக. அதைப் பாத்தா நான் நின்னுருவேன்." அடுத்து ஏதோ சொல்ல வந்தார். "ஐயோ, ஸ்டாப் வந்துருச்சு டீச்சர், பேரன் வேற மடியில தூங்குறான். அப்புறம் கூப்பிடுறேன்."

அன்று அவர் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. எனக்கு அது முன்போல் வலிக்கவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. அவருக்கு அங்கே வீடு நிறைய ஆட்கள், அவர்களோடு பேசி முடிக்கவே பொழுது சரியாக இருக்கும்.

கார்பெட்டை நன்றாகக் காயவைத்துத்தான் திரும்பப் போட வேண்டும் என்று எலக்ட்ரீசியன் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து, சோப்புத் தண்ணீரில் அலசி, மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். ஈரத்தில் அது பிணக்கனம் கனத்தது. ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் இரண்டு முறை கைநழுவி விழுந்தது. மூன்றாம் முறை நடுவில் மடித்துத் தோளில் போட்டு ஏற்றினேன்.

எதிர்வீட்டுக்காரர் அவர் மாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், காரை விக்கப் போறீகளா?"

"இல்ல, கழுவிப் போட்டிருக்கேன்."

"வெயில் நல்லா அடிக்குது. காஞ்சுரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சேலை நனைந்து முழங்கால்வரை ஒட்டியிருந்தது. கார்பெட்டிலிருந்து சொட்டு நிற்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.