கதவைத் திறந்தால் செங்கல்

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்த புதிதில், நான் பார்க்டேலில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அவருக்கென்று ஒரு கதிரை வாங்கி என்னுடையதற்கு எதிரே போட்டிருந்தேன். “இருக்க ஆளில்லாத கதிரை ஏன்? ஆருக்காவது குடும்” என்பார் என்னோடு துப்புரவு வேலை செய்யும் வசந்தி அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை காலை சரியென்றுவிட்டேன்.

அன்று இருவரும் ஜோர்ஜியன் பாணியில் கட்டிய ஒரு பழைய செங்கல் வீட்டைத் துப்புரவாக்கப் போனோம். நடுவே வாசல், இருபுறமும் தராசில் நிறுத்து வைத்ததுபோல யன்னல்கள். வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாதல்லவா? வெளியே போய் யன்னல் கதவுகளைத் திறந்துகொண்டே வந்தேன். கடைசிக் கதவுக்குப் பின்னால் கண்ணாடியே இல்லை. செங்கல் சுவர்!

“அக்கா, யன்னலை அடைச்சுப்போட்டாங்கள்!”

“இல்லையப்பா, வீட்டைக் கட்டேக்கையே உப்பிடித்தான். உள்ளுக்கை புகைபோக்கி. மற்றப் பக்கத்து யன்னல் தனிச்சு நிக்கக்கூடாதெண்டு செய்ததாம். வீட்டுக்காரி சொன்னவ.”

குளிர் மறந்துபோயிற்று. ஒருநாளும் வெளிச்சம் வராத யன்னலுக்குக் கல்லில் நிலை, மரத்தில் கதவு, பிணைச்சல், கொண்டி! கோயில் தூணைத் தொடுவதுபோல அந்தச் செங்கல்லைத் தொட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னேன்:

“அக்கா, அந்தக் கதிரை இருக்கட்டும். இல்லாட்டி என்ரை கதிரை தனிச்சுப்போகும்.”