விடிவெள்ளி முதல் டிவிஷனுக்கு ஏறுமா?

மழையில் நனைந்த தோல் பந்துக்கு ஒரு வாசம் உண்டு. ஈரச் சாக்கையும் தேங்காய் எண்ணெயையும் கொஞ்சம் கருவாட்டையும் சேர்த்துக் கட்டிவைத்தாற்போன்ற அந்த வாசம், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் வந்துவிடும். விடிவெள்ளி கால்பந்துக் கழகத்திடம் இருந்த ஒரே நல்ல பந்து எங்கள் வீட்டில்தான் குடியிருந்தது. அம்மாவின் தம்பி சூசை மாமாதான் அந்த அணிக்கு முன்னால் நின்று கோல் போடுகிறவர். ஆட்டம் முடிந்ததும் பந்தைத் துடைத்து எண்ணெய் தடவித் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடுவார். "இது வீடா, கிளப்பா?" என்று அம்மா ஏசுவாள். ஏசிக்கொண்டே மாமாவின் ஆட்டச் சட்டையைத் துவைத்து நீலம் போடுவாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியின் புதிய துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தாலும், வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்புக்குப் போகும் தோணிகளுக்குப் பழைய துறைமுகத்தில் இன்னும் குறைவில்லை. ஊர் லீக்கில் அப்போது இரண்டு டிவிஷன்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து விடிவெள்ளி இரண்டாம் டிவிஷனிலேயே கிடந்தது. நான் ஏழாம் வகுப்புப் படித்த அந்த வருஷம்தான், பாதி ஆட்டங்கள் முடிந்து கிறிஸ்துமஸுக்காக லீக்கை நிறுத்தியபோது, மூன்றாம் இடத்தில் நின்றது. பருவம் முடிகையில் முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்கள் மேலே போவார்கள். இன்னும் ஒரே ஒரு படி!

எங்கள் தெருவே பைத்தியம் பிடித்ததுபோல் ஆனது. கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர்கள் வைக்கோலைப் பரப்பிக்கொண்டே இதைப் பேசினார்கள். தெருமுனையில் தேநீர்க்கடை வைத்திருந்த செல்லத்துரை அண்ணாச்சி, தேநீரை ஆற்றுகிற ஆற்றலிலேயே லீக்கையும் ஆற்றிப் பார்ப்பார். "ஏலே, மேல நிக்க ரெண்டு டீமும் இன்னும் ஒருக்க மோதணும்லா? அதுல எவனாவது ஒருத்தன் சறுக்கத்தானே செய்யணும். நாம மில்லுக்காரன அடிச்சிட்டோம்னா, ரெண்டாவது இடம் நம்ம மடியில வந்து விழும்" என்பார். பஞ்சாலைத் தொழிலாளர்களின் அணியைத்தான் எல்லோரும் "மில்லுக்காரன்" என்றார்கள். முதலிடத்தில் இருந்த அந்த அணியோடுதான் பொங்கல் முடிந்ததும் எங்களுக்கு ஆட்டம்.

எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்: சூசை மாமா இருப்பாரா? மாமாவுக்குத் தோணியில் வேலை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவருடைய தோணி கொழும்புக்குப் புறப்பட்டது. "காத்து வாச்சுதுன்னா ஆட்டத்துக்கு முந்தியே வந்திருவேன், ரீட்டா. பந்தப் பாத்துக்கோளா" என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பரீட்சைக்காக ஜெபித்தபோது நான் காற்றுக்காக ஜெபித்தேன்.

பொங்கலும் போனது. தோணி வரவில்லை.

ஆட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அணித்தலைவர் பீட்டர் அண்ணன் இரண்டு பேரோடு வந்து வாசலில் நின்றார். மாமா இல்லை, மாற்று ஆளாக வைத்திருந்த பையனுக்குக் கடுங்காய்ச்சல், ஆட ஆள் போதவில்லை. பீட்டர் அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா சோற்றைப் பார்த்தார்.

அப்பா கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா. இளவயதில் விடிவெள்ளியில் நன்றாக ஆடியவராம். கல்யாணமான புதிதில் ஓர் ஆட்டத்தில் காலை முறித்துக்கொண்டு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தபோது, இனிமேல் பந்தைத் தொடுவதில்லை என்று மாதா மேல் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் அம்மா. ரசச் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்ற அம்மாதான் பேசினாள்.

"பத்துப் பேரோட எறங்குனா மில்லுக்காரன் நம்மள உப்புக்கண்டம் போட்டுருவான். என்னங்க, எந்திரிங்க. மாதாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அப்பா கை கழுவ எழுந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மாமாவின் பூட்ஸ் அவருக்குப் பெரிதாக இருந்தது. அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து முன்பக்கம் திணித்துக் கொடுத்தாள். பிறகு, பெண்கள் பந்தாட்டம் பார்க்கப் போகிற வழக்கமே இல்லாத அந்தக் காலத்தில், என்னையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

மைதானம் கடலை ஒட்டிய பொட்டல். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். பாதிப் பேர் ஆட்டத்தையும் மீதிப் பேர் கடலையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் பாதியில் மில்லுக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். அப்பா மூச்சிரைக்க ஓடினார். பந்து ஓரிடம் போனால் அவர் ஓரிடம் போய்ச் சேர்ந்தார். "என்னய்யா, குமாஸ்தா கோப்பு தேடுதாரா?" என்று யாரோ கேலி செய்ய, அம்மா அந்த ஆளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வேறு இடம் போய் நின்றுகொண்டான்.

அப்போது பனைமரத்தில் ஏறியிருந்த ஒருவன் கத்தினான்: "பாய் தெரியுது! தோணி வருதுடே!"

மைதானமே கடல் பக்கம் திரும்பியது. நடுவர்கூட ஒரு கணம் திரும்பிப் பார்த்தார் என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். ஆனால் தோணி தெரிவது வேறு, ஆள் கரையேறுவது வேறு. நங்கூரம் போட வேண்டும், சுங்கச் சோதனை முடிய வேண்டும். தோணியை நடத்துகிற தண்டல் எப்படியோ பேசிக் கெஞ்சி மாமாவை முதல் ஆளாகக் கரைக்கு அனுப்பிவைத்தாராம். இரண்டாம் பாதி தொடங்கி ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பளத்து வரப்பு வழியாக ஓடிவந்தார் சூசை மாமா. எழுந்த கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டிருந்த ஒருவரை வெளியே எடுத்தார் பீட்டர் அண்ணன். யாரோ கால்சட்டை கொடுத்தார்கள். அப்பா அவசரமாகக் குனிந்து பூட்ஸைக் கழற்றப் போனார்.

"கெடக்கட்டும் அத்தான், நீங்களே போட்டுக்கிடுங்க. எனக்கு வெறுங்காலே போதும்" என்று மாமா உள்ளே இறங்கினார்.

ஆனால் பல நாள் தோணியில் ஆடி வந்த உடம்புக்குத் தரை நிலையாக நிற்கவில்லை போலும். ஆளில்லாத கோலுக்கு முன்னால் கிடைத்த பந்தை மாமா உப்பளத்துக்குள் அடித்தார். எல்லோரும் தலையில் கைவைத்தோம். "தரை ஆடுதுக்கா!" என்று அவர் அம்மாவைப் பார்த்துக் கத்த, "தரை ஆடல, நீதாம்ல ஆடுத! நேரா நில்லு!" என்று அம்மா பதிலுக்குக் கத்தினாள். அதன்பின் மாமா நேராகத்தான் நின்றார். வலப்பக்கமிருந்து வந்த பந்தை வெறுங்காலால் நிறுத்தி அவர் அடித்த அடியில் வலை குலுங்கியது. ஒன்றுக்கு ஒன்று.

சமநிலை போதாது, வென்றால்தான் இரண்டாமிடத்துக்கு வழி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாமா இரண்டு பேரைத் தாண்டிப் போய், தானே அடிப்பார் என்று எல்லோரும் நினைத்தபோது, பந்தை அப்பாவுக்குத் தள்ளிவிட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். பந்து ஒரு பக்கம் பறந்தது, பூட்ஸ் இன்னொரு பக்கம் பறந்தது, அம்மாவின் சேலைத் துணி நடுவானில் அவிழ்ந்தது. கோல்கீப்பர் பூட்ஸைப் பிடித்தார்.

மில்லுக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பூட்ஸ் ஏமாற்றிவிட்டது என்று அவர்கள் கட்சி. பூட்ஸைப் பிடி என்று யார் சொன்னது என்று எங்கள் கட்சி. நடுவர் சிரிப்பை அடக்க முடியாமல் மைதானத்தின் நடுவைக் காட்டி விசிலடித்தார். கோல்! அம்மா என்னைத் தூக்கிவிட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற, வளர்ந்த பெண்ணை! ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் புழுதியுமாக அப்பா எங்களை நோக்கிக் கையாட்டியபோது அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது.

பங்குனி வெயிலில் பருவம் முடிந்தது. அண்ணாச்சி சொன்னதுபோலவே மேலே நின்றவர்களில் ஓர் அணி சறுக்கியது. விடிவெள்ளி முதல் டிவிஷனுக்கு ஏறியது. அடுத்த வருஷமே அடிமேல் அடி வாங்கி இறங்கியும் வந்தது. அதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் அதிகம் வருத்தப்பட்டதாக நினைவில்லை.

அப்பாவும் மாமாவும் இப்போது இல்லை. அணி கலைந்து, அதில் ஆடியவர்களின் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். போன வருஷம் ஊருக்குப் போனபோது அந்தப் பொட்டலைத் தேடிப் போனேன். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. கோல் கம்பம் இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. "யாரம்மா வேணும்?" என்றார் காவலாளி. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஒதுங்கி வழிவிட்டேன்.