முதுகில் உபயம்

அறுபதுகளின் கடைசியில், ஒரு முதலாளி நடத்திய தனியார் அறக்கட்டளைக்காக, நிதி கேட்டு விண்ணப்பித்தவர்களை நேரில் பார்த்து வருவது என் வேலை. அம்பத்தூரில் தொழிற்சாலைப் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்திய ஓர் அம்மாள், கீற்றுக் கூரையை மாற்றப் பணம் கேட்டிருந்தார். குள்ளமான, கனத்த உருவம். பேசிக்கொண்டே, கைக்கு எட்டிய குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிடுவார்.

“புள்ளைங்க சட்டை முதுகுல, உபயம்னு போட்டு எங்க முதலாளி பேரை எழுதணும்மா” என்றேன். அது எங்கள் வழக்கம்.

“சொவத்துல எழுதிக்கோ நைனா. புள்ளைங்க இன்னா, கோயில் டியூப்லைட்டா?”

“அப்போ பணம் கிடைக்காதும்மா.”

“ஒழுவுனா பாயை நகத்திக்கினு படுப்போம். நீ கெளம்பு.”

ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தேன், பணம் போகவில்லை. அவர் சொன்னது சரியென்று எனக்கு அங்கேயே தெரியும். அந்த மழைக்காலம் முழுவதும் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன்.