கல்மரத்துப் பலகை

என் மாமாவுக்குப் பார்த்த முதல் சம்பந்தம் ஜாதகப் பொருத்தம் சரியில்லாமல் தட்டிப்போனது என்றுதான் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றுவரை நம்புகிறார்கள். அம்மா எல்லாரிடமும் அப்படிச் சொல்லிவைத்திருந்தாள். ஜாதகம் நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. தட்டிவிட்டது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்புக் காலாண்டு லீவு.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்ததால் எங்கள் வீட்டில் ஆம்பிளை என்று இருந்தவர் அவர்தான். அதுவும் வருஷத்தில் நாலு மாதம். பன்னிரண்டு வயதிலேயே போர் வண்டி ஏறிப் போனவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். வடக்கே மழை பிடித்ததும் ஊர் திரும்புவார். குழாயிலிருந்து பீறிட்டு வரும் கல்பொடியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, தண்ணீர் வருமா வராதா என்று சொல்லிவிடுவாராம். எங்கள் ஊரிலும் கிணறு வெட்டுகிறவர்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

ஆனால் அவருக்கு எழுதப் படிக்க வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவர். அந்த மூன்று வருஷத்தில் ஏறியதும் வண்டிச் சத்தத்தில் இறங்கிப்போய்விட்டது. கையெழுத்து மட்டும் போடுவார். அதுகூட எழுதுவதுபோல இருக்காது, கோலத்துக்குக் கம்பி இழுப்பதுபோல இருக்கும். இது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து மாமாவுக்கு வரும் பத்திரிகை, மாத்திரை அட்டை, கரண்டு அட்டை எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொன்னேன். வீட்டில் வேறு யாராவது இருந்தால், "பாப்பா நல்லாப் படிக்குதான்னு பாப்போம்" என்று என்னிடம் நீட்டுவார். எங்கள் ரெண்டு பேருக்கும் அது பழகிப்போன நாடகம்.

அதற்குச் சம்பளமாக ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிஎஸ் எக்செல்லில் முன்னால் நிற்கவைத்து ஊர் சுற்றிக் காட்டுவார். ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போய் அகழியில் கல் போடுவோம். மருதையாற்று மணலில் ஊற்று தோண்டுவோம். காரை என்ற ஊரில் பூமி முழுக்க வாரி எடுத்ததுபோலப் பள்ளம் விழுந்த ஒரு வெட்டவெளி இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்தால் அங்கே மண்ணுக்குள்ளிருந்து கல்லாகிப்போன கடல் நத்தைகள் தலை நீட்டும். சாத்தனூரில் கல்மரம். எந்த இடத்துக்குப் போனாலும் அங்கிருக்கும் பலகையை என்னை ஒரு தடவை படிக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். திரும்பி வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே அதை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். எனக்கு மனப்பாடச் செய்யுளே நாலு நாள் ஆகும்.

அந்த வருஷம் காரைப் பள்ளத்தில் மாமா ஒரு கல் கண்டெடுத்தார். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி சுருண்டு, கையை விரித்தால் சரியாக உள்ளே உட்காரும் அளவு. ஒரு விளிம்புகூட உடையவில்லை. பழைய பல் பிரஷ் வைத்து ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து அதைத் தேய்த்துக் கழுவினேன். கல் உனக்குத்தான் என்று மாமா ஒருநாளும் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

பெண் வீட்டார் லால்குடிப் பக்கம். அந்த அக்கா பிளஸ் டூ முடித்து மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அம்மா இல்லாத பெண். அவளுடைய அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை பத்தாவது படித்திருக்கிறார் என்று தரகரிடம் சொன்னது அம்மா. மாமா வேண்டாம் என்றுதான் சொன்னார். கல்யாணம் ஆனபிறகு மார்க் ஷீட்டையா கேட்கப்போகிறார்கள் என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோவிலில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அந்த அக்காவும் அவள் அப்பாவும் காரில் வந்தார்கள். அவளுடைய தம்பி ஓட்டிவந்தான். பேச்செல்லாம் நல்லபடியாகப் போனது. சாப்பிட்டு முடித்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு கல்மரத்தைப் பார்க்காமல் போகலாமா, போய்விட்டு வரும்போது கோட்டையையும் பார்க்கலாம் என்று மாமாதான் சொன்னார். அவர்களுக்கும் பிடித்திருந்தது. நான் வழக்கம்போல எக்செல்லில் ஏறப் போனேன்.

"நீ கார்ல வா பாப்பா. சட்ட கசங்கிடும்" என்றார் மாமா.

மாமா முன்னால் போக நாங்கள் காரில் பின்தொடர்ந்தோம். அம்மாவுக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பேர் கேட்டாள், பள்ளிக்கூடம் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னேன்.

வழியில் காரைப் பள்ளத்தருகே வண்டியை நிறுத்தினார்கள். அந்த அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். மாமாவும் கூட இறங்கினார். நான் ஓடப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மேலே நின்று பார்த்தேன். மாமா பேண்ட் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய எதையோ எடுத்தார். பிரித்தபோது என் கல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அதன்மேல் ஊற்றிக் காட்டினார்; ஈரம் பட்டால்தான் அதன் வரிகள் எழும்பித் தெரியும். அந்த அக்கா ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

கல்மரம் சாத்தனூரில் ஓர் ஓடைச் சரிவில் வேலி போட்டுக் கிடக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட பனை மாதிரி இருக்கும்; கிட்டப் போனால் பட்டையும் கணுவும் அப்படியே கல். அதன் அருகில் பலகை. இடது பாதியில் தமிழ், வலது பாதியில் இங்கிலீஷ். அந்த அக்காவின் அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டதாகவும், என்ன போட்டிருக்கிறது என்று கொஞ்சம் படித்துச் சொல்லுமாறும் மாமாவிடம் கேட்டார்.

மாமா ஒரு நொடிதான் தயங்கினார். பிறகு பலகையில் விரலை வைத்து ஆரம்பித்தார். பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடல் உள்நாடு வரை வந்தது, ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் அதில் மூழ்கின, அவற்றின்மேல் மண் மூடியது, காலப்போக்கில் அவை கல்லாகின. நான் படித்துக் காட்டிய அதே வரிகள், நான் மூச்சு விட்ட இடத்தில்கூட அவர் மூச்சு விட்டார். பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அக்கா தரையைப் பார்த்துச் சிரித்தாள். மாமாவின் விரல் நகர்ந்துகொண்டிருந்தது பலகையின் வலது பாதியில்.

"மாமா, அது இங்கிலீஷு. தமிழ் இந்தப் பக்கம் இருக்கு."

இதை நான் வேண்டுமென்று சொன்னேனா, வாயில் வந்துவிட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. அதோடு நின்றிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. பெரியவர் சந்தோஷமாகச் சிரித்து, பரவாயில்லையே, இங்கிலீஷைப் பார்த்தே தமிழில் சொல்கிறாரே என்றார். வெயிலாக இருக்கிறது, போகலாம் என்று அந்த அக்காவும் அவசரமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கையிலிருந்த கல்லை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினாள். நான் அதைப் பார்த்தேன். அடுத்ததாகச் சொன்னதை வேண்டுமென்றுதான் சொன்னேன்.

"மாமாவுக்கு இங்கிலீஷும் படிக்க வராது, தமிழும் படிக்க வராது. நான் படிச்சுக் காட்டினதத்தான் சொல்றாரு."

வகுப்பில் பேசியவர்கள் பெயரை டீச்சரிடம் சொல்லும்போது எனக்கு ஒரு குரல் வரும். அந்தக் குரலில் சொன்னேன்.

பெரியவர் மாமாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "பத்தாவதுன்னு சொன்னீங்களேம்மா" என்றார்.

மாமாவின் விரல் இன்னும் பலகையிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"பாப்பா சொல்றது நெசந்தாங்க. மூணாவதுதான் படிச்சேன்."

பெரியவர் கெட்டவரில்லை, சத்தம் போடவில்லை. காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் போட்டவன், ஆள் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன் என்றார். "படிக்கலன்னா என்ன தம்பி. சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் மாமாவிடம் சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். அந்த அக்கா நின்றாள். அவர் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்ட பிறகு போனாள். கோட்டைக்கு யாரும் போகவில்லை.

நாங்கள் மூன்று பேரும் எக்செல்லில் வந்தோம். மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமாவின் புதுச் சட்டை முதுகில் வேர்வையில் ஒட்டியிருந்தது. பாடாலூரில் அவர் வண்டியை நிறுத்தி எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். நான் குடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னை அடித்தாள். ரெண்டாவது அடிக்குள் மாமா கையைப் பிடித்துவிட்டார்.

"அடிக்காதக்கா. அது பொய் சொல்லலயே."

அந்த ஒரு வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப வருஷம் அதை வைத்தே காலம் தள்ளினேன். அம்மா அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நான் என்ன பொய்யா சொன்னேன் என்று கேட்பேன். அம்மா எழுந்து போய்விடுவாள்.

நான் திருச்சியில் காலேஜ் படிக்கும்போது ஒருநாள் அதே கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு அம்மா எழுந்து போகவில்லை. காரைப் பள்ளத்தில் வைத்தே மாமா அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அதற்காகத்தான் அந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்தாராம். படிக்காவிட்டால் என்ன, நான் சொல்லித் தருகிறேன் என்றாளாம் அவள். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் பக்குவமாகத் தானே எடுத்துச் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறாள். பலகையின் முன்னால் அவள் சிரித்தது ஏமாந்த சிரிப்பில்லை. அங்கே ஏமாற இருந்தவர் அவளுடைய அப்பா ஒருவர்தான். அதுவும் அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும்.

அந்த வாரமே அவள் மாமாவுக்குப் போன் செய்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை வந்து அப்பாவிடம் பேசுங்கள், ஒத்துக்கொள்வார் என்று கேட்டிருக்கிறாள். மாமா போகவில்லை. அம்மா காரணம் கேட்டதற்கு, "அவரு முன்னால இன்னொரு தடவ போயி நிக்க முடியாதுக்கா" என்றாராம்.

மூன்று வருஷம் கழித்து மாமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நன்றாகத்தான் இருக்கிறார். இப்போது சொந்தமாக ஒரு போர் வண்டி, ரெண்டு பிள்ளைகள். ஊருக்குப் போனால் எனக்கு இன்னும் ரோஸ்மில்க் வாங்கி வருகிறார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. எதற்கு என்று அவர் கேட்டால், பலகை முன்னால் சொன்ன அந்த ரெண்டாவது வாக்கியத்தை நான் மறுபடி என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

கல்மரத்துச் சம்பவம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். மாமாவின் போனுக்கு ஏதோ மெசேஜ் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், பழக்கத்தில் கையை நீட்டினேன். அவர் போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பையில் போட்டுக்கொண்டு, டீக்கடைக்குப் போய்விட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு எக்செல்லைக் கிளப்பினார். தெருவில் பிள்ளைகள் நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். படிக்கிற வேலை இல்லாமல் போனது எனக்கு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆட்டம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று ஓடினேன்.