பால் காய்ச்சிய பப்

போன கிழமை, ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் மருமகன் ஒருவனின் வீடு குடிபூரல். ஐயர் கற்பூரம் கொளுத்தியதும் எல்லோரும் கைகூப்பினார்கள். நான் அண்ணாந்து, புகை பட்டால் அலறும் மணி எங்கே பூட்டியிருக்கிறது என்று தேடினேன். மனைவி முறைத்தாள். பக்தி இல்லாமல் இல்லை, பட்ட பாடு அப்படி.

வந்த புதிதில், ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பழைய பப்பில் கோப்பை கழுவினேன். பியரும் ஈரக் கம்பளமும் பொரித்த கிழங்கும் கலந்த மணம். நாற்றம் என்றும் சொல்லலாம்; எனக்கு அது சம்பள மணம். பாருக்குப் பின்னால் மது விற்கும் லைசென்ஸ்கள் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்கும். முதலாவது, பப்பைத் தொடங்கிய அயர்லாந்துக்காரருடையது. அடுத்தது அவருடைய மனைவியுடையது; வெறியில் பாடுகிறவர்களைக் காதில் பிடித்து வெளியே விடுவாராம். மூன்றாவது என் முதலாளி, கிரேக்கர் ஸ்டாவ்ரோ. சமையலறைக்குள் வந்தால் சூப்பில் உப்புப் போடாமல் போகமாட்டார். யோகன் அண்ணை ஏற்கெனவே போட்டிருப்பார்.

யோகன் அண்ணை எங்கள் குக். ஸ்டாவ்ரோ ஓய்வெடுத்தபோது துணிந்து பப்பை எடுத்தார். வாழ்க்கையில் ஒரு சொட்டும் குடித்தறியாத மனிதர், அதுதான் சிக்கல். தினமும் பதினொரு மணிக்கு வந்து குந்தும் ஐந்து கிழவர்களை நம்பித்தான் அந்தப் பப். அவர்களுக்குத் தலைவர் ஃபிராங்க், ஸ்ட்ரீட்கார் என்ற ட்ராம் வண்டியின் முன்னாள் ஓட்டுநர். குடிக்காதவனிடம் குடிப்பதா, எதிரிலும் பப் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஐந்து பேரும் போனால் அண்ணை திரும்பவும் யாரோ ஒருவரின் அடுப்படிக்குத்தான் போகவேண்டும்.

திறந்த அன்று பதினொன்றேகாலுக்குச் சுபநேரம். கிழவர்கள் பார்த்திருக்க, அண்ணை பார் மேசையில் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினார். சாம்பிராணித் தட்டைப் பிடித்தவன் நான். மூலை முடுக்கெல்லாம் காட்டு என்றார். நானும் வஞ்சகமில்லாமல் காட்டினேன். பால் பொங்கவும் மணி அலறவும் சரியாக இருந்தது.

எல்லோரும் பனிக்குள். கிழவர்களுக்குக் கோட்டு எடுக்கவும் நேரமில்லை. தீயணைப்பு வண்டி வந்து, தேடிவிட்டுப் போனது. என்னைத் திட்டக்கூட அண்ணைக்குத் தெம்பில்லை.

"முடிஞ்சுது தம்பி. உவையள் இனி வரமாட்டினம்."

எனக்கு அழுகை வந்தது. அப்போது, நடுங்கிக்கொண்டிருந்த ஃபிராங்க், உள்ளே என்ன காய்ச்சினாய் என்று கேட்டார். புது இடத்தில் முதலில் பால்தான் பொங்கவேண்டும், அதை வந்தவர்களோடு பகிர்ந்து குடிக்கவேண்டும் என்றார் அண்ணை. அப்படியென்றால் எங்கள் பங்கு எங்கே என்றார் கிழவர்.

பியர்க் கிளாசில் சீனி போட்ட பால். ஐந்து பேரும் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்து முடித்தார்கள். எதிர்ப் பப்புக்கு ஒருவரும் போகவில்லை, அன்றும், பிறகும்.

பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஐந்து செத்தவீட்டுக்கும் அண்ணை போனார். கடைசி ஃபிராங்க். அவருக்கு உறவென்று ஒருவருமில்லை. குடும்பத்தார் இருக்கும் முன்வரிசையில் அண்ணையை இருத்தினார்களாம்.

இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடம். கீழே நாய்களைக் குளிப்பாட்டும் கடை. குடிபூரல் முடிந்து வந்து அண்ணைக்குப் போன் எடுத்தேன். பப்பை எந்த வருசம் விற்றீர்கள் என்று கேட்டேன்.

"வித்தது பிறகு தம்பி, பப் முடிஞ்சது அதுக்கு முன்னமே. ஃபிராங்க் போன அண்டைக்குப் பின்னேரம் வந்து திறந்தன். ஆருக்கெண்டு திறக்கிறன் எண்டு எனக்கே விளங்கேல்லை."